‘அவுட்லோ’ என்ற சொல்: நீதிமன்றத் தாளை ஆங்கிலத்துக்கு மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

என் தம்பியின் அவுஸ்திரேலிய விசா ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லால் நான்கு மாதம் நின்றுபோனது. அந்தச் சொல் ‘அவுட்லோ’; கொள்ளைக்காரன் என்கிற அளவுக்குக் கனமான சொல்.

நாங்கள் மூதூரில் இருந்த காலத்தில் அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து வழக்கு இருந்தது. வழக்கு நடக்கும்போதே திருகோணமலை உவர்மலைக்கு வீடு மாறிவிட்டோம். அழைப்பாணை பழைய விலாசத்துக்குப் போனது. அவன் தவணைக்குப் போகவில்லை, பிடியாணை பிறந்தது. விஷயம் காதுக்கு வந்த கிழமையே சட்டத்தரணியோடு போய் நீதிமன்றில் நின்றான், தண்டப்பணம் கட்டினான், வழக்கு முடிந்தது. பல வருடம் கழித்து விசாவுக்காக அந்த வழக்கேட்டை மொழிபெயர்க்கக் கொடுத்தோம். ‘எதிரி (அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்) தலைமறைவாகியிருந்தபடியால்’ என்ற வரி, ‘எதிரி ஓர் அவுட்லோ என்பதால்’ என்ற பொருளில் ஆங்கிலமாகித் திரும்பி வந்தது. சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது. யாரும் வாசிக்காமல் அனுப்பிவிட்டோம்.

ஆறு கிழமைக்குப் பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோதுதான் அகராதியைத் திறந்தேன். அன்று இரவு அம்மா சாப்பிடவே இல்லை. வெளிநாட்டு அலுவலகம் எதற்காவது வழக்குத் தாள் கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

1. முதலில் தமிழ்த் தாளை முழுதாக எடுங்கள்

மொழிபெயர்ப்பாளரிடம் ஓடுவதற்கு முன்னால், வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுக்க வேண்டும். வழக்கு இலக்கம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இலக்கம் தெரியாவிட்டால் பழைய தண்டப்பணப் பற்றுச்சீட்டைத் தேடுங்கள், அல்லது அப்போது ஆஜரான சட்டத்தரணியைக் கேளுங்கள். பெரும்பாலும் சட்டத்தரணி மூலம் ஒரு விண்ணப்பம் வைத்தால் வேலை சுலபமாக நடக்கும். பிரதிக்கான கட்டணம் பக்கக் கணக்கில் வரும், அது பெரிய தொகை இல்லை. சட்டத்தரணியின் கட்டணம்தான் கூட. எங்களுக்கு, பழைய ஏட்டைத் தேடி எடுப்பதற்கே ஒன்பது வேலைநாள் போனது. ஆகவே விசா விண்ணப்பம் போடுகிற மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னரே தொடங்குங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலர் கடைசித் தீர்ப்புப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். ஒவ்வொரு தவணையிலும் என்ன நடந்தது என்று எழுதியிருக்கும் பக்கங்களையும் கேளுங்கள். ‘பிடியாணை மீளப்பெறப்பட்டது’ என்ற வரி அங்கேதான் இருக்கும். அந்த வரி இல்லாமல் பிடியாணை பிறந்த வரி மட்டும் போனால், வாசிக்கிறவருக்கு உங்கள் ஆள் இன்றைக்கும் தேடப்படுகிறவர்தான்.

பிரதி கையில் வந்ததும் ஒரு பென்சிலை எடுத்து ஆளைப் பற்றிய சொற்களை அடிக்கோடிடுங்கள்: எதிரி, சந்தேகநபர், தலைமறைவு, ஆஜராகவில்லை, பிடியாணை. உங்கள் தாளில் உண்மையில் எந்தச் சொல் இருக்கிறது என்று தெரியாமல், ஆங்கிலம் சரியா பிழையா என்று பார்க்க முடியாது.

2. ‘அவுட்லோ’ என்றால் என்ன

ஆங்கிலத்தில் ஆறு எழுத்து: ஓ, யூ, டி, எல், ஏ, டபிள்யூ. ‘அவுட்’ என்றால் வெளியே, ‘லோ’ என்றால் சட்டம். முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இன்றைய ஆங்கிலத்தில் இது, சட்டத்தை மதிக்காமல் குற்றத்தையே வாழ்க்கையாக்கிக்கொண்டு, பிடிபடாமல் ஓடித் திரிகிறவரைக் குறிக்கும். நம் ஊர்ப் பேச்சில் கொள்ளைக்காரன், காட்டில் ஒளிந்திருக்கிற ஆள் என்கிற அளவுக்குக் கனமான சொல். கதைகளிலும் பழைய மேற்கத்திய படங்களிலும் குதிரையில் துப்பாக்கியோடு வருகிறவனை இப்படித்தான் சொல்வார்கள். ஒரு தடவை தவணைக்கு வராதவரை ஆங்கிலம் பேசுகிற யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, அந்த மொழிபெயர்ப்பாளர் ஏன் அப்படிப் போட்டார்? கேட்டபோது அவர் அகராதியைக் காட்டினார். அவர் காட்டியது பொய் இல்லை. முந்திய காலத்து இங்கிலாந்தில், நீதிமன்றம் கூப்பிட்டும் வராதவரைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளிவிடும் ஒரு நடைமுறை இருந்தது. சொல் அங்கேயிருந்துதான் வருகிறது. ஆகவே சட்ட அகராதிகளில் ‘நீதிமன்றுக்கு வராததால் வெளித்தள்ளப்பட்டவர்’ என்ற பொருள் இன்னும் கிடக்கிறது. ஆனால் அந்த நடைமுறையை இங்கிலாந்தே 1938 இல் குற்ற வழக்குகளிலிருந்தும் எடுத்துவிட்டது. அகராதியில் ஒரு பொருள் இருக்கிறது என்பதற்காக அது இன்றும் பாவனையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய அகராதிகளில் பழைய வழக்கு, சரித்திர வழக்கு என்று சிறிய குறிப்புப் போட்டிருப்பார்கள். அந்தக் குறிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பொலிஸார் குற்றச்செயலில் ஈடுபடும் மோட்டார் சைக்கிள் குழுக்களை ‘அவுட்லோ மோட்டார் சைக்கிள் கேங்’ என்றுதான் அழைக்கிறார்கள். அது அங்கே செய்திகளில் அடிபடுகிற பெயர். எங்கள் தாளில் ‘மோட்டார் சைக்கிள்’ ஒரு வரியில், ‘அவுட்லோ’ அடுத்த வரியில். அவர்களுடைய 1958 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 501 ஆம் பிரிவில் நன்னடத்தைச் சோதனை இருக்கிறது. குற்றக் குழு ஒன்றில் அங்கத்தவர் என்ற சந்தேகமும் அதில் ஒரு காரணம். அதிகாரி எப்படி வாசித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்தது அந்தத் தாள் மட்டும்தான்.

3. ஆளுக்கு வேறு, செயலுக்கு வேறு

இந்தச் சொல் வினையாக வரும்போது பொருள் மாறிவிடும். ‘டு அவுட்லோ’ என்றால் ஒரு செயலைச் சட்டம் போட்டுத் தடைசெய்வது. இது நல்ல, சாதாரணமான ஆங்கிலம். இலங்கைப் பாராளுமன்றம் 2017 இல் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்ததைச் சொல்ல ‘பார்லிமென்ட் அவுட்லோட் பொட்டம் ட்ரோலிங்’ என்று எழுதலாம். டைனமைட் அடித்து மீன்பிடிப்பது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி தடை. அதற்கும் இந்த வினை பொருந்தும். இறந்தகாலத்துக்குக் கடைசியில் ஈ, டி சேர்க்க வேண்டும்.

ஆனால் தடைசெய்த வலையைப் போட்டுப் பிடிபட்டவர் அவுட்லோ இல்லை. அவர் செய்தது ‘இல்லீகல்’, அதாவது சட்டவிரோதம். அவர் ஒரு குற்றம் செய்தவர், அவ்வளவுதான். நம் தமிழில் ‘சட்டத்துக்குப் புறம்பான’ என்று ஒரு தொடர் இருப்பதால்தான் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. ‘புறம்பு’ என்றதும் ‘அவுட்’ நினைவுக்கு வருகிறது. சட்டத்துக்குப் புறம்பான மீன்பிடி, சட்டத்துக்குப் புறம்பான மணல் அகழ்வு எல்லாவற்றுக்கும் ‘இல்லீகல்’ போதும். தொழில் செய்யப் போன மனிதர் ஒருவரைக் கொள்ளைக்காரராக்கிவிடாதீர்கள்.

எழுதும்போது பார்க்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று: இந்தப் பெயர்ச்சொல் உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் ‘ஆன்’ வர வேண்டும். பன்மைக்கு எஸ் மட்டும். இன்னொன்று, ‘மதர்-இன்-லோ’, ‘பிரதர்-இன்-லோ’ என்ற உறவுச் சொற்களுக்கு இது எதிர்ச்சொல் இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் சிலர் சம்பந்தி வீட்டாரை விளையாட்டாக ‘அவுட்லோஸ்’ என்பதுண்டு. வெளிநாட்டு உறவினர் ஒருவரின் மின்னஞ்சலில் அப்படி வந்தால் பயப்படத் தேவையில்லை.

4. எங்கள் வழக்குத் தாள்களுக்கு எந்தச் சொல் பொருந்தும்

மொழிபெயர்ப்பாளரிடம் போகுமுன் இந்தப் பகுதியை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.

‘தவணைக்கு ஆஜராகவில்லை’ என்று மட்டும் இருந்தால், ‘ஃபெயில்ட் டு அப்பியர்’. வராமல் விட்டார் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

‘தலைமறைவாகியிருந்தார்’ என்று இருந்தால், ‘அப்ஸ்கொண்டட்’ அல்லது ‘அப்ஸ்கொண்டிங்’. இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின் ஆங்கிலப் பிரதியில், பிடியாணைக்கு அகப்படாமல் இருப்பவரைப் பற்றிய இடத்தில் இந்தச் சொல்தான் இருக்கிறது. அது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். மொழிபெயர்ப்பாளர் மறுத்தால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள். எங்களுக்கு வழி பிறந்தது அங்கேதான்: சட்டத்தரணி ஆங்கிலப் பிரதியைத் திறந்து காட்டிய பிறகு வாக்குவாதம் நின்றுவிட்டது. எந்தச் சட்டச் சொல்லுக்கும் இது நல்ல வழி. தனி அகராதியை நம்பாமல், ஒரே சட்டத்தின் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘ஃபியூஜிட்டிவ்’ என்பது பொலிஸுக்கோ சிறைக்கோ தப்பி ஓடிக்கொண்டிருப்பவர். முடிந்துபோன வழக்குக்கு இது வேண்டாம். ‘பேண்டிட்’ என்பது வழிப்பறிக் கொள்ளைக்காரன். ‘டெக்கொயிட்’ இந்தியச் சட்டத்தில் ஐந்து பேரோ கூடவோ சேர்ந்து செய்யும் கொள்ளையில் ஈடுபட்டவருக்கு வருவது. இந்தியத் தமிழ் அகராதிகளைப் பார்த்து அதை இங்கே கொண்டுவராதீர்கள். படையிலிருந்து சொல்லாமல் விலகியவருக்கு ‘டெஸர்ட்டர்’.

அமைப்பு ஒன்றைப் பற்றி ‘தடைசெய்யப்பட்ட’ என்று தாளில் இருந்தால், பத்திரிகைகள் ‘அவுட்லோட்’ என்று எழுதக்கூடும். அரச ஆவணத்துக்கு ‘ப்ரொஸ்க்ரைப்ட்’ என்பதே சரி. எங்கள் பகுதியில் இந்த ஒரு சொல் ஆளின் எதிர்காலத்தையே மாற்றிவிடும். இப்படி ஒரு வரி உங்கள் தாளில் இருந்தால் மொழிபெயர்ப்பாளரோடு நிறுத்தாமல் சட்டத்தரணி ஒருவரிடமும் கட்டாயம் வாசிக்கக் கொடுங்கள்.

கைத்தொலைபேசியில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியை இதற்குப் பாவிக்கவே வேண்டாம். எங்கள் நீதிமன்றத் தமிழ் அதற்குப் பிடிபடாது. நீதிமன்றத்தில் ‘எதிரி’ என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர், ‘அக்யூஸ்ட்’. செயலி அதைப் பகைவன் என்று எடுத்துக்கொள்ளும். ‘தவணை’ என்றால் வழக்குத் திகதி. அதைக் கடன் கட்டுகிற தவணையாக்கிவிடும்.

5. மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும். நீதி அமைச்சின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. அவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நியமனம் பெற்றவரா என்று கேளுங்கள், ஏனென்றால் சிலர் சிங்களம்–ஆங்கிலம் மட்டும். சமாதான நீதவான் பிரதியை உண்மைப் பிரதி என்று உறுதிப்படுத்தலாம். அவருடைய சீல் மொழிபெயர்ப்புக்குப் பதிலாகாது. இதை மாற்றிச் செய்துவிட்டு இரண்டு தடவை காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கட்டணம் பக்கக் கணக்கு. ஆளுக்கு ஆள் வித்தியாசம். நாங்கள் முதல் தடவை நான்கு பக்கத்துக்கு 8,000 ரூபாய் கொடுத்தோம். ‘பிழை இருந்தால் திருத்திப் புதிதாக அடித்துத் தருவீர்களா, அதற்குத் தனிக் காசா’ என்று முன்னாலேயே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, அதனால் இரண்டாவது தடவையும் முழுக் காசு போனது.

அவுஸ்திரேலியாவுக்கு என்றால், வெளிநாட்டில் செய்த மொழிபெயர்ப்பில் மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், அந்த மொழியில் அவருக்கு உள்ள தகைமையும் அனுபவமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். சீலில் இவை எல்லாம் இருக்காது. கடைசிப் பக்கத்தின் கீழே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பொலிஸ் அறிக்கை சிங்களத்திலும் வழக்கேடு தமிழிலும் இருப்பது இங்கே சாதாரணம். இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு ஆங்கிலச் சொல் வரும். ஒன்றில் ‘அப்ஸ்கொண்டிங்’, மற்றதில் ‘ஃபியூஜிட்டிவ்’ என்று இருந்தால் மறுபடி கேள்வி வரும். முதலில் முடிந்த மொழிபெயர்ப்பின் போட்டோக்கொப்பியை இரண்டாமவருக்குக் காட்டுங்கள்.

6. சீல் குத்துமுன் வாசியுங்கள்

வரைவைக் கேட்டு வாங்கி ஓரிரவு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கோடிட்ட தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் நேராக ஆங்கிலத்தில் என்ன வந்திருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால், தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்து அதைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் உயர்தரம் படிக்கிற பிள்ளை ஐந்து நிமிடத்தில் ‘அக்கா, இதில் கொள்ளைக்காரன் மாதிரி இருக்கு’ என்று சொன்னாள். கடிதம் வந்த பிறகு சொன்னாள் என்பதுதான் கவலை.

ஒன்றை மறக்காதீர்கள். சொல்லை மென்மையாக்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். தமிழில் ‘தலைமறைவு’ என்று இருந்தால் ஆங்கிலத்திலும் அந்தக் கனத்தோடுதான் வர வேண்டும். அதை ‘வரவில்லை’ என்று குறைத்தால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கும்போது நீங்கள் மறைத்தீர்கள் என்று ஆகிவிடும். ஏன் வரவில்லை என்ற உங்கள் பக்கத்து நியாயத்தை மொழிபெயர்ப்புக்குள் வைக்க முடியாது. அதற்குத் தனித் தாள் வேண்டும்.

7. பிழையான தாள் ஏற்கெனவே போய்விட்டால்

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் அதில் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் இருக்கும். எங்களுக்கு 28 நாள் தந்தார்கள். அதில் சனி, ஞாயிறு, போயா எல்லாம் சேரும். கடிதம் வந்தே நான்கு நாளைக்குப் பிறகுதான் நாங்கள் மின்னஞ்சலைத் திறந்தோம். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள்.

நாங்கள் கொடுத்தவை இவை. திருத்திய புதிய மொழிபெயர்ப்பு. ‘முன்னைய மொழிபெயர்ப்பின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில் இந்தச் சொல் பிழையாக வந்தது, சரியான சொல் இது’ என்று மொழிபெயர்ப்பாளர் சீல் வைத்துக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம். பிடியாணை மீளப்பெறப்பட்ட நாளின் வழக்கேட்டுப் பக்கம். தம்பியின் சத்தியக்கடதாசி. வீடு மாறியதற்கு ஆதாரமாகக் கிராம அலுவலர் சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு. பழைய விலாசத்திலும் புதிய விலாசத்திலும் பெயர் இருந்த தேர்தல் இடாப்புப் பிரதிகள்.

மொழிபெயர்ப்பாளரின் கடிதம்தான் கஷ்டம். பிழையை எழுத்தில் ஒப்புக்கொள்ள யாரும் விரும்ப மாட்டார்கள். எங்கள் ஆள் முதலில் மறுத்தார், பிறகு காசு கேட்டார். சண்டை போடாமல் சட்டப் பிரிவைக் காட்டி, ‘சொல் தெரிவில் திருத்தம்’ என்று எழுதினால் போதும் என்று சட்டத்தரணி சொன்ன பிறகு இணங்கினார். இணங்காவிட்டால் வேறொரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மூலத்திலிருந்து புதிதாகச் செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சத்தியக்கடதாசியில் எழுதலாம்.

சத்தியக்கடதாசியில் கதை வேண்டாம். எந்த மாதம் மூதூரிலிருந்து மாறினோம், அழைப்பாணை எந்த விலாசத்துக்குப் போனது, எந்தத் திகதியில் தானாகவே ஆஜரானான், எவ்வளவு தண்டம் கட்டினான். அவ்வளவுதான். ‘நான் அவுட்லோ இல்லை’ என்று ஒரு வரியும் எழுத வேண்டாம் என்று சட்டத்தரணி தடுத்தார், அது சரியாகத்தான் பட்டது. திகதிகள் தாங்களாகவே அதைச் சொல்லிவிடும்.

நாள் கணக்கில் பிந்துவது கிராம அலுவலர் சான்றிதழ். அவர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார், களவேலை நாட்கள் உண்டு. அதன் பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம். கடிதம் வந்த மறுநாளே இதைத் தொடங்குங்கள். மற்றவை ஒரு கிழமைக்குள் முடியும். நேரம் போதாது என்று தெரிந்தால், கடைசி நாளுக்கு முன்னாலேயே காரணத்தோடு கூடுதல் அவகாசம் கேட்டு எழுதிவிடுங்கள். நாள் கடந்த பிறகு கேட்பதில் பலன் இல்லை.

எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் சீல் தெளிவாக விழாது. கோப்பின் பெயரில் திகதியைப் போடுங்கள்.

தம்பிக்கு விசா வந்துவிட்டது, இப்போது மெல்பேர்னில் இருக்கிறான். பிழையான அந்தப் பழைய மொழிபெயர்ப்பை நாங்கள் கிழிக்கவில்லை. திருத்தக் கடிதத்தோடு சேர்த்து ஒரே ஃபைலில் வைத்திருக்கிறோம். நிரந்தர வதிவிடத்துக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது முன்னைய தாள்களை எடுத்துப் பார்க்கக்கூடும். அப்போது இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டி வரும்.